ஏழு மணி வெயில்

படுக்கையில் கிடந்த நோயாளியின் முகத்தை பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஜெயம் அக்கா மட்டும் பதறாமல் கிட்டே போய், உறைக்கு மேலாகவே கன்னத்தில் விரலால் தட்டினார். டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது.

“பொம்மை” என்றார்.

“அதானே பார்த்தேன். உசுரோட இருந்தா இதுக்குள்ள பில்லு போட்டிருப்பாங்களே” என்றேன்.

திண்டிவனத்தில் ‘அரவணைப்பு ஹோம் கேர்’ என்ற நிறுவனத்தின் பயிற்சி அறை அது. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவது அவர்கள் தொழில். சுவரில் சுண்ணாம்பு தெரியாத அளவுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். தரம், பாதுகாப்பு, பரிவு என்று தங்க எழுத்துகள் மின்னின. முதலாளி கோகுலகிருஷ்ணன் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றார். சொந்தக் கம்பெனிக்குள் தான் யார் என்று அவர் யாரிடம் நிரூபிக்கப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

“தெனமும் நாலு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் ஸ்டாஃபுக்கு இங்க டிரெய்னிங் மேடம். பேஷன்ட்டை எப்படித் திருப்பிப் படுக்க வெக்கணும், எப்படி ஊட்டணும், எல்லாத்தையும் இந்தப் பொம்மையை வெச்சித்தான் சொல்லிக் குடுக்கறோம். குவாலிட்டியில நான் காம்ப்ரமைஸே பண்றதில்ல.”

“நயினாரைப் பார்த்துக்க நீங்க அனுப்பின வெண்ணிலாவும் தெனமும் வருவாளா?” என்று கேட்டார் அக்கா.

“வந்தே ஆகணும். நம்ம கம்பெனி ரூல்ஸ் அது.”

“அவ இப்ப எங்க இருக்கா?”

கோகுலகிருஷ்ணன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அதை ஏன் கேக்கறீங்க, பெரிய பேஜாரு. நயினார் வீட்டு வெள்ளி டம்ளரைத் தூக்கிக்கினு ஓடிட்டா. குடுத்த அட்ரஸும் பொய். இன்னிக்கு சாயங்காலம் ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்.”

“போலீஸ் வெரிஃபிகேஷன் முடிச்ச ஆளுங்கதான் அனுப்புறோம்னு வெளிய போர்டுல போட்டிருக்கீங்களே சார். போலீஸுக்கே அட்ரஸ் கிடைக்கலையா?” என்று நான் அப்பாவியாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிவுக்கான சான்றிதழ் கொஞ்சம் மங்கியது.

 அக்கா செல்போனை எடுத்துப் பொம்மையை ஒரு படம் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யாகப் பணம் கேட்டு வருகிறவர்களைப் பிடிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அடியேன் அப்பாதுரை, முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர். இப்போது அக்காவின் பழைய காரையும், இடைப்பட்ட நேரத்தில் என் வாயையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை அலுவலகம் திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றாள் சாந்திமதி. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“எங்கப்பா முந்தாநாள்ல இருந்து வாயைத் தொறக்கல மேடம். கஞ்சி இல்ல, தண்ணி இல்ல. ஈரத்துணியால உதட்டைத் தொடைக்கக்கூட விடமாட்டேன்றாரு.”

அப்பா பெயர் பார்சுவநாத் நயினார். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காதும் மந்தம். மனைவி இல்லை, சாந்திமதி ஒரே மகள். ஊர்ச் சமணக் கோயிலை விட்டு விழுப்புரம் வரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை பார்த்துக்கொள்ள அரவணைப்பு நிறுவனத்திலிருந்து வெண்ணிலா என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். இரவுக்குப் பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறார். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பாள்.

“சொந்தக்காரங்க எல்லாம், அப்பா சல்லேகனை எடுத்துட்டாருன்னு சொல்லிக்கினு வந்து கும்பிடறாங்க” என்றாள்.

நான் விழித்தேன். சமணர்கள் கடைசிக் காலத்தில் உணவை விட்டு உயிரை விடும் நோன்பு அது என்று அக்கா எனக்குச் சொன்னார்.

“ஆனா அதுக்கு ஒரு முறை இருக்குது மேடம். குருகிட்ட அனுமதி கேக்கணும். எல்லாருகிட்டயும் மன்னிப்பு கேட்டு, எல்லாரையும் மன்னிச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணும். எங்கப்பா மூஞ்சியில மன்னிப்பே இல்ல. கோவம்தான் இருக்குது.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“இன்னிக்குள்ள வாய் வழியா ஏதாவது போகணும், இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து டியூப் போடணும்னு சொல்றாரு. அத்தை டியூப் போட விடமாட்டேன்றாங்க, விரதம் கெட்டுடுமாம். விரதமே இல்லாம எங்கப்பாவை நான் சாகக் குடுக்கணுமா?”

“அதுக்கு முன்னாடி ஒழுங்கா சாப்பிட்டாரா?”

“நல்லாத்தான் சாப்ட்டுக்கினு இருந்தாரு. ராத்திரி கேப்பைக் கூழ் குடுத்தா கிண்ணத்தையே வழிச்சிடுவாரு.”

அக்கா அவளை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “வெண்ணிலா எப்படிப்பட்ட பொண்ணு?” என்று பேச்சை மாற்றினார்.

“தங்கமான பொண்ணுன்னுதான் நெனைச்சேன். இவரு வாயை மூடின மறுநாளே காணாம போயிட்டா. அடிச்சாளோ, எதையாவது குடுத்தாளோ. அவளைக் கண்டுபிடிங்க மேடம்.”

அவ்வளவுதான் கேஸ். அவளைத் திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றிவிட்டு, நாங்கள் நேராகப் பொம்மை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து நயினார் வீடு நாலு தெரு தள்ளி.

வீட்டில் நுழைந்தபோது கூடம் நிறைய உறவுக்காரர்கள் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். நயினாரின் தங்கை சாந்தினி அத்தை, துணியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு வெள்ளி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சத்தம் போடாம பாருங்க. அண்ணன் பெரிய காரியத்துல எறங்கி இருக்கறாரு.”

“இந்த டம்ளர் யாருதும்மா?” என்று கேட்டார் அக்கா.

“அண்ணனோடதுதான். வீட்ல இருக்கற வெள்ளி டம்ளரே இது ஒண்ணுதான்.”

“காணாம போன டம்ளர் தானே பஸ் புடிச்சி வீட்டுக்கு வந்திருக்குதுக்கா. நல்ல வளர்ப்பு” என்றேன் மெதுவாக.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். நயினார் நல்ல உயரமான மனிதர். இப்போது கட்டிலில் சுருங்கிக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. அக்கா டம்ளரை அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனார். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மேற்குப் பக்க ஜன்னலைப் பார்த்தார். தடித்த மஞ்சள் திரைக்குப் பின்னால் உச்சி வெளிச்சம் பளீரென்று இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தவர், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அக்கா திரையை ஒதுக்கினார். எதிரே மேற்கு வீட்டுக்காரர் புதிதாக எழுப்பிய சுவரும் ஒரு கம்பமும்தான் தெரிந்தன, வானம் தெரியவில்லை. நயினார் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். இந்த முறை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பட்டினி கிடக்கும் மனிதன் தண்ணீரைப் பார்ப்பான். இவர் ஏன் ஜன்னலைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. அக்கா யோசிக்கும்போது குறுக்கே பேசினால் சம்பள நாள் தள்ளிப்போகும்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணியும், அதைச் சுற்றி வட்டமாக வெளுத்த தடமும் இருந்தன.

“இங்க மாட்டியிருந்த கடிகாரம் எங்க?”

“ரிப்பேர்” என்றாள் சாந்திமதி, கேட்டு முடிப்பதற்குள்.

நாங்கள் தோட்டத்துப் பக்கம் சுற்றி வந்தோம். சொந்தக் காம்பவுண்டு ஓரம் நட்டிருந்த அந்தக் கம்பத்தில் புத்தம் புது ஃபோகஸ் லைட்டைப் பொருத்தியிருந்தார்கள். கேட்டைப் பார்த்தும் இல்லை, கிணற்றைப் பார்த்தும் இல்லை. நேராக நயினாரின் ஜன்னலைப் பார்த்து நின்றது.

“திருடன் வந்தா படிக்கறதுக்கு வெளிச்சம் போட்டிருக்காங்க போல” என்றேன்.

அக்கா ஜன்னல் கட்டையைக் காட்டினார். குவியலாக ஈசல் இறக்கைகள், செத்த பூச்சிகள். பின்னால் வந்த சாந்தினி அத்தை அதைப் பார்த்துவிட்டு, “ஐயையோ, எவ்ளோ உசுரு!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். “விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழும், சாப்பாட்டுலயும் சேர்ந்துடும்னுதான் நாங்க பொழுது சாஞ்சா அடுப்பே மூட்டறதில்ல. அண்ணன் சின்ன வயசுல எடுத்த விரதம். பொழுது எறங்கினா பச்சத்தண்ணிகூடத் தொடமாட்டாரு, படுத்துடுவாரு.”

“நீங்க எத்தனை மணிக்கு இங்க வருவீங்க?”

“வெண்ணிலா எட்டு மணிக்குக் கெளம்பறப்போ. அப்ப அண்ணன் தூங்கிடுவாரு.”

“பொழுது சாஞ்சதும் தூங்கற மனுசன் ஜன்னல்ல இவ்ளோ ஈசல் எப்படி வந்துது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார் அக்கா. பிறகு அத்தையிடம் திரும்பினார். “வெண்ணிலாவுக்கு எந்த ஊரும்மா?”

“கிளியனூரு. அவங்கம்மா பஸ் ஸ்டாப்புல வறுத்த மல்லாட்டை விக்கறாங்களே.”

போலீஸை வைத்தே சரிபார்த்த கம்பெனிக்குக் கிடைக்காத முகவரி, வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தைக்குத் தெரிந்திருந்தது.

கிளியனூர் வரைக்கும் புதுச்சேரி சாலையில் காரை விரட்டினேன். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒரு பெண் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். காரில் இருந்து நாங்கள் இறங்கியதைப் பார்த்ததும் பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“நான் எதையும் திருடலங்க!”

“தெரியும்மா. அந்த டம்ளர் வீட்லயேதான் இருக்குது” என்றார் அக்கா. “நயினார் முந்தாநாள்ல இருந்து சாப்பிடல. உனக்குத் தெரியுமா?”

 வெண்ணிலா தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணியுமா?”

“தண்ணியும்தான்.”

“பாவி நான். அன்னிக்கே வேலையை வுட்டுட்டு ஓடியிருக்கணும்.” அழுகையோடு அவள் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையவே கிடையாது. தினமும் அந்த நேரத்துக்கு கோகுலகிருஷ்ணனின் ஆள் பைக்கில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இன்னொரு நோயாளி வீட்டில் விடுவான். ஒரே ஆள், இரண்டு வீடு, இரண்டிலும் முழுநாள் கட்டணம். மதியச் சாப்பாடு செரிக்காததால் நாலு மணிக்கு முன்பு நயினாருக்கு எதுவும் இறங்காது; அந்த மூன்று மணி நேரம் அவர் தனியாகக் கிடப்பார். ஏழு மணிக்கு அவள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அவர் வாயைத் திறக்கமாட்டார். சர்க்கரை மாத்திரை போட்ட உடம்பு, ஒரு நாள் வெறும் வயிற்றில் மயங்கியே போனார்.

“அதுக்கப்புறம்தான் அந்த லைட்டு வந்துது. ஜன்னலுக்குத் தெரை போட்டாங்க. ஏழு மணிக்கு அதைப் போட்டா உள்ள நாலு மணி வெயிலு மாதிரி இருக்கும். ஐயா ஜன்னலைப் பார்ப்பாரு, அப்புறம் வாயைத் தொறப்பாரு. அவரு என்னை நம்பி நம்பி சாப்பிடும்போது என்னால அவரு மூஞ்சியைப் பார்க்க முடியாதுக்கா. ஓனருகிட்ட சொன்னேன். பேஷன்ட்டு சாப்பிடறாரா இல்லையா, அதைப் பாருன்னாரு.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?”

“கரண்டு போயிடுச்சிக்கா.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ரூமுக்கு இன்வெர்ட்டரு இருக்குது. ஃபேன் ஓடுது, டியூப்லைட்டு எரியுது. வெளிய வெயிலு மட்டும் பட்டுனு அவிஞ்சிருச்சி. அவரு வாயில கூழு இருந்துது. ஜன்னலையே பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. வாயில இருந்ததை அப்படியே துப்பிட்டு அழுதாரு. நான் காலைப் புடிச்சிக்கினு கையாலயே எல்லாத்தையும் சொன்னேன். மறுநாள் ஓனருகிட்ட, இனிமே இந்தப் பாவத்தைப் பண்ணமாட்டேன்னு சொன்னதும், திருட்டுக் கேஸ்ல உள்ள தள்ளிடுவேன்னு தொரத்திட்டாரு.”

எனக்கு அந்த நேரத்தில் சிரிக்க எதுவும் கிடைக்கவில்லை. ஆயுள் முழுக்க ஒரு மனிதன் காப்பாற்றிய விரதத்தை, கையும் காலும் விழுந்த பிறகு, அவன் ஜன்னலிலேயே பொய்யை மாட்டி உடைத்திருக்கிறார்கள். அவருக்கு இனி எந்த வெளிச்சத்தை நம்புவது என்று தெரியவில்லை, அதனால் நண்பகலிலும் வாயை மூடிக்கொண்டார்.

“வண்டியில எடம் இருக்குதா?” என்று கேட்டாள் வெண்ணிலா. கேட்கும்போதே கதவைத் திறந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் நான் பல்லைக் கடித்தேன். “அந்த கோகுலகிருஷ்ணனைப் பொம்மைக்குப் பக்கத்துல படுக்க வெச்சி பிளாஸ்டிக் சுத்தணும்க்கா. கேஸ் முடிஞ்சுது.”

“பாதிதான் முடிஞ்சிருக்கு.”

“இன்னாக்கா பாக்கி?”

“அந்தாளுக்கு எத்தனை மணிக்கு ஊட்டுறாங்கன்னு தெரியும். ஆனா பெரியவரு எந்த ஜன்னலைப் பார்த்து வாயைத் தொறப்பாருன்னு அவனுக்கு யாரு சொன்னது?” என்றார் அக்கா. “ஜல்தி போ துரை. இன்னிக்குப் பொழுது நமக்குக் கொஞ்சம்தான் இருக்குது.”

வீட்டு வாசலிலேயே சாந்திமதி ஓடிவந்தாள். வெண்ணிலாவைக் கண்டதும் கையை ஓங்கிவிட்டாள். “எங்கப்பாவை என்னடி பண்ணினே?”

அக்கா அந்தக் கையை நடுவில் பிடித்தார். சத்தம் போடாமல் தோட்டத்துக் கம்பத்தடிக்கு அவளைக் கூட்டிப்போனார்.

“காலையில என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. ராத்திரி கேப்பைக் கூழ் குடுத்தா கிண்ணத்தையே வழிச்சிடுவாருன்னு. பொழுது சாஞ்சா அடுப்பு மூட்டாத வீடு இது. எட்டு மணிக்கு வர்ற உங்க அத்தைக்கே அவர் ராத்திரி சாப்பிட்டது தெரியாது. விழுப்புரத்துல இருக்கற உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சாந்திமதி தலை நிமிர்ந்து கம்பத்து லைட்டைப் பார்த்தாள். 

“இந்த லைட்டு யார் வாங்கினது?” என்று கேட்டார் அக்கா.

“நான்தான்” என்றாள். “தெரையும் நான்தான் தெச்சேன். கடியாரத்தையும் நான்தான் கழட்டினேன். அப்பா மயங்கி விழுந்த அன்னிக்கு டாக்டரு என்னைத்தான் திட்டினாரு. ஊட்டுற நேரத்தை மாத்துங்கன்னு கோகுலகிருஷ்ணன் சார்கிட்ட கெஞ்சினேன். டிரெய்னிங்கை நிறுத்தினா குவாலிட்டி சர்டிபிகேட் போயிடும், உங்கப்பா நல்லதுக்குத்தான் டிரெய்னிங்னாரு. அப்பா எதைப் பார்த்துப் பொழுதைக் கணக்குப் பண்றாருன்னு கேட்டாரு, சொன்னேன். ஒரு லைட்டு போட்டா என்னன்னாரு. எங்கப்பா உசுரோட இருந்தா போதும்னு நெனைச்சேன் மேடம். இதுல யாருக்கு என்ன கெடுதல்னு நெனைச்சேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துது.”

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். தன் கையால் மூட்டிய பொய்யை மறைத்துக்கொண்டு, கிளியனூர்ப் பெண்ணைக் கொலைகாரியாகப் பிடித்துத்தரச் சொல்லி எங்களை ஏவியிருக்கிறாள். ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து அதை நீட்டிக்கவும் முடியவில்லை.

அக்கா செல்போனில் பொம்மைப் படத்தைக் காட்டினார். “இந்தப் பொம்மையை வெச்சித்தான் தெனமும் மூணு மணி நேரம் டிரெய்னிங்காம். கடையில இருந்து வந்த உறையைக்கூட யாரும் இன்னும் பிரிக்கல. அந்த மூணு மணி நேரம் வெண்ணிலாவை இன்னொரு வீட்டுக்கு வித்துக்கினு இருந்தான். அவ இங்கேயே இருந்திருந்தா அஞ்சு மணிக்கே ஊட்டியிருப்பா. இந்த லைட்டே தேவைப்பட்டிருக்காது.”

சாந்திமதி கம்பத்தைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். “என்னை ஏமாத்திட்டானே மேடம்!”

“ஆமா. அவன் உங்களை ஏமாத்தினான். அந்த ஏமாத்தலை நீங்க வாங்கி உங்கப்பாவுக்கு ஊட்டினீங்க” என்றார் அக்கா. குரலில் கடுமை இல்லை, அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “இப்ப எந்திரிங்க. அழறதுக்கு ராத்திரி முழுக்க இருக்குது. சாப்பிடறதுக்குப் பொழுது சாயற வரைக்கும்தான் நேரம்.”

வெண்ணிலா அதற்குள் அடுக்களையில் கேப்பைக் கூழைக் கரைத்துக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சாந்தினி அத்தை வழியை மறித்தார். அக்கா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். அத்தை மருமகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க விரும்புகிறேன். நகர்ந்து வழிவிட்டார்.

நயினாரைப் போர்வையோடு தூக்கி காரின் முன் சீட்டில் உட்காரவைத்தேன். மல்லாட்டை மூட்டைகளோடு வாழ்ந்த அந்த உடம்பு ஒரு மூட்டைப் பாரம்கூட இல்லை. ஏரிக்கரைக்கு வண்டியை விட்டேன். அங்கேதான் மேற்கே சுவர் கிடையாது. ஆனால் வானம் முழுக்க மேகம் அடைத்துக் கிடந்தது. நல்ல நேரம் பார்த்துக் கழுத்தறுக்க ஐப்பசி மாதத்தை விட்டால் ஆள் கிடையாது என்று மனதுக்குள் திட்டினேன்.

அப்போது அக்காவின் செல்போன் அடித்தது. கோகுலகிருஷ்ணன். “மேடம், ஸ்டேஷனுக்குக் கெளம்பிக்கினு இருக்கேன். அந்தத் திருடியைப் பத்தி ஏதாவது...”

“போங்க சார், நானும் வர்றேன். ஒரே ஒரு உதவி. அதுவரைக்கும் பொம்மையோட உறையை மட்டும் பிரிச்சிடாதீங்க. போலீஸ் அதைப் பார்க்கணும்” என்றார் அக்கா. மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் மேகத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி தெரிந்தது. அதில் சூரியன் வந்து நின்றது. தண்ணீர் முழுக்கச் சிவந்தது. நயினார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நம்பவில்லை. இடது கையை மெல்லத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து வெயிலில் காட்டினார். அப்படியே வைத்திருந்தார். ஃபோகஸ் லைட்டுக்கு வெளிச்சம் உண்டு, தூரத்தில் இருந்து கையைச் சுடாது. இது லேசாகச் சுட்டிருக்க வேண்டும். அவர் முகம் இளகியது.

வெண்ணிலா கரண்டியை நீட்டவில்லை. கிண்ணத்தை மட்டும் அவர் பார்க்கும்படி காட்டிவிட்டுக் காத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். காலைப் பிடித்து உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தார்.

முதல் கரண்டி உள்ளே போனபோது எனக்குக் கண் கலங்கியது. ஏரிக் காற்று என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கேட்காத மாதிரி இருந்தார்.

பின் சீட்டிலிருந்து இறங்கி வந்த சாந்திமதி, வெண்ணிலாவிடம் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினாள். வெண்ணிலா கொடுத்துவிட்டு ஒதுங்கினாள். சாந்திமதி ஒரு கரண்டி எடுத்தாள்.  மந்தக் காதுக்கு எட்டும்படி குனிந்து, “அப்பா, இன்னும் பொழுது இருக்குதுப்பா. சாப்பிடுங்க” என்றாள்.

பெற்ற மகளின் முகம் கரண்டிக்குப் பின்னால் இருந்தது. நயினார் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தை வருத்தி அவள் தோளுக்கு மேலே எட்டி, சூரியன் அங்கே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். அடுத்த கரண்டிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அவள் முகத்தைத் தாண்டிச் சூரியனைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

கிண்ணத்தில் பாதி இருக்கும்போது சூரியன் ஏரிக்குள் இறங்கிவிட்டது. அவர் உதட்டை மூடிக்கொண்டார். சாந்திமதி தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். அவர் அதைத் தடுக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

“இனிமே நான் சொன்னா நம்பவே மாட்டாரா மேடம்?” என்று கேட்டாள்.

அக்கா மீதிக் கூழ் இருந்த கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மூடி வைத்தார்.

“நாளைக்கும் பொழுதோடயே கூட்டிக்கினு வாங்க” என்றார்.